வலைக்கு அந்தப் பக்கத்துக் கோழிகள்

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு உங்கள் குசினியில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், உங்கள் மகள் ஃபஸீனா, வாசற்படியில் செருப்பைக் கழற்றாமல் நின்ற என் கணவர். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன் ராத்தா. நாளைக்கு யாராவது பேச்செடுத்தால், யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பதில் சந்தேகம் வரக்கூடாது. எதையும் எழுதிவைக்கும் என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். "மழை பெஞ்சாலும் எத்தின சொட்டு எண்டு கொப்பியில போடுவா" என்று நீங்கள் லேன் முழுக்கச் சொல்லிச் சிரித்ததும் எனக்கு மறக்கவில்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்த நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து மூன்று நாள் ஆகிறது. ஃபஸீனா வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். அவளுக்கு உதவி செய்யத்தான் போனேன். மேல் தட்டிலிருந்த தகரப் பேணிகளை அவள் இறக்கித் தர, நான் துடைத்து அடுக்கினேன். அரிசி மா, சீனி, பருப்பு. நான்காவதாக ஒரு பால்மாப் பேணி. அதன் மூடியைத் திறந்தவள் மூக்கைச் சுருக்கினாள்.

"சாச்சி, இது எனத்த தூள்? கறிக்குப் போடுறதா?"

எனக்கு எட்டிப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. மஞ்சள், வெள்ளைப்பூடு, நிழலில் காயவைத்த முருங்கையிலை, கருஞ்சீரகம். மூன்று வருடத்துக்கு முன்னால் என் கிரைண்டரிலும் முந்தானையிலும் நகக்கண்ணிலும் ஒட்டியிருந்த வாசனை. அதற்குள் கறிவேப்பிலை வாசமும் கலந்திருந்தது. நான் அரைத்த தூளில் கறிவேப்பிலை கிடையாது.

"கோழித் தீவனத்துக்குப் போடுற தூள் மகள். ஆனா நான் உம்மாக்குக் குடுத்தது கண்ணாடிப் போத்தல்ல. இது எப்படி இந்தப் பேணிக்குள்ள வந்த?"

"இது நீங்க குடுத்ததில்லயே சாச்சி. உம்மா அரச்சது. வெள்ளத் துணிப் பக்கம் ஈந்த கோழிகளுக்கு. ஒங்கட போத்தல்ல கை வெச்சா ஒங்கட கணக்கு பிழையாப் போயிரும் எண்டு தனியா அரச்சாங்க. நான் லீவுக்கு வந்த நேரம் நானும் இடிச்சுக் குடுத்தேனே." சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஒங்களுக்குத் தெரியாதா?"

என் கணவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து, பேணிக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய்விட்டார்.

பேணி இப்போது என் மேசையில் இருக்கிறது. மூடியைத் திறந்து வைத்துத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு மடல் எழுதும் நேரம் வரும், அதில் உங்கள் நல்ல குணங்களை எழுதுவேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இன்றைக்கு எழுத வருவது அது இல்லை.

அக்கா தங்கை மாதிரி நாம் செய்த கோழித் தொழில் எப்படித் தொடங்கியது என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. என் வீடு மலையை வெட்டிக் கட்டிய வீடு. பின்பக்கம் ஒரு கதிரை போட்டால் நான்கு காலும் நான்கு உயரத்தில் நிற்கும். உங்கள் பின்வளவு ரயில் வேலிவரைக்கும் சமதரை. அதனால் கூடு உங்களிடம், குஞ்சும் தீவனமும் என்னிடமிருந்து, உழைப்பு இரண்டு பேருக்கும் என்று பேசிக்கொண்டோம். பிஸ்மி சொல்லி முதல் குஞ்சுப் பெட்டியைத் திறந்தது நீங்கள். மரத்தூளின் மேல் மஞ்சள் உருண்டைகளாக ஓடியவற்றைப் பார்த்து, "சுப்ஹானல்லாஹ், முப்பத்தஞ்சு நாள்ல இதுவள் சாப்பாட்டுச் சஹனுக்கு வரும் எண்டு செல்ல ஏலுமா?" என்றீர்கள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தீர்கள். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

முதல் இரண்டு தொகுதியிலும் குஞ்சு நிறையச் செத்தது. குளிரும் ஈரமும். தீவனக் கடையில் ஒரு வெள்ளைத் தூள் தந்தார்கள். தண்ணீரில் கலந்து கொடுத்தால் சாகாது, சீக்கிரம் எடை போடும் என்றார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கடைக்காரருக்கும் தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்லும் அளவுக்கு அறிவு இருக்கிறது. "ஹலால் எண்டுறது அறுக்கிற கத்தியில மட்டுமா ராத்தா, அதுட வயித்துக்குள்ள போறதும் சேத்துத்தானே?" என்று உங்களிடம் கேட்டேன். "அது மெய்தான்" என்றீர்கள். தெரியாத தூள் இனி வேண்டாம் என்று நாம் இரண்டு பேரும் ஒன்றாக நிய்யத் வைத்த நாள் அது. அப்படித்தான் நான் நம்பினேன்.

அதற்குப் பிறகு நான் தேடினேன். சாமான் சுற்றி வந்த பேப்பரில், போனில், சந்தையில் காய்ந்த இலை விற்கிறவரிடம். எந்த இலையைக் காயவைத்தால் பச்சை போகாது, வெள்ளைப்பூட்டை எவ்வளவு நேரம் வெயிலில் போட்டால் கசக்காது, கிலோ தீவனத்துக்கு எத்தனை கரண்டி போட்டால் கோழி முகம் திருப்பாது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். கடையில் மஞ்சள் கிடைக்காமல் போன காலம் அது. கறிக்கே மஞ்சள் இல்லாமல் சமைத்துக்கொண்டு, இருந்ததைக் கோழிக்கு எடுத்துவைத்தேன். "வீட்டுக்குள்ள வெள்ளக் கறி, கூட்டுக்குள்ள மஞ்சக் கறி" என்று என் கணவர் பகிடி பண்ணினார். உங்கள் வேலியோரம் நட்ட மஞ்சள் மட்டும் அந்த வருடம் தழைத்து நின்றது. அதிலிருந்து நான் ஒரு கிழங்கு கேட்டதில்லை. நீங்கள் தந்ததும் இல்லை. அது எங்கே போனது என்று இன்றைக்குத் தெரிகிறது.

தூள் போட்டு வளர்த்த முதல் தொகுதியில் குஞ்சு கொஞ்சம்தான் செத்தது. எடையும் நன்றாக வந்தது. கொப்பியை எடுத்துக்கொண்டு கால்நடை அலுவலகத்துக்கு ஓடினேன். அந்த டொக்டர் மிஸ், சிங்களப் பெண், தமிழை அளந்து அளந்து பேசுவார், மரியாதைக்கு என்னை நோனா என்பார், கொப்பியை முழுக்கப் புரட்டினார். "இவ்வளவு வடிவா எழுதுறவங்கள நான் கண்டதில்ல" என்றார். பிறகு, "ஆனா நோனா, போன முறை வேற குஞ்சு, வேற குளிர். அதோட இத ஒப்பிட ஏலாது. ஒரே நாள்ல வந்த குஞ்ச ரெண்டாப் பிரிங்க. பாதிக்குத் தூள் போடுங்க, பாதிக்குப் போட வேணாம். மத்ததெல்லாம் ஒண்டா இருக்கோணும். வித்தியாசம் வந்தா, பெண்கள் பயிற்சி வகுப்புல நீங்கதான் வந்து படிச்சுக் குடுக்கணும்" என்றார்.

படித்துக் கொடுப்பது. நான். அலுவலகத்திலிருந்து பஸ் ஏறியதிலிருந்து கடுகண்ணாவை ஏற்றம்வரைக்கும் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே உங்களிடம்தான் வந்தேன். என்னைக் கட்டிப்பிடித்தீர்கள். "ஒன்ட எழுத்துக்கு ஒரு நாள் கூலி கெடைக்கும் எண்டு நான் செல்லல்லயா" என்றீர்கள். அந்தப் பிடியின் சூடு இப்போதும் தோளில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

நூறு குஞ்சு. நடுவில் கம்பி வலை. தூள் போடும் பக்கத்துக்கு நீலத் துணி, போடாத பக்கத்துக்கு வெள்ளைத் துணி. கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, தலைதட்டி. காலையில் நான் போடுவேன். பகலுக்கும் மாலைக்கும் நீங்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஒவ்வொரு பக்கத்திலும் பத்துப் பத்தாகப் பிடித்து நிறுப்போம். வாளிக்குள் குஞ்சை வைத்துத் தொங்கு தராசில் மாட்டும்போது நீங்கள் செய்த பகிடி: "வாங்கம்மா, கிளினிக் காட் கொண்டு வந்தீங்களா? புள்ளக்கு நெற கொறஞ்சீக்கே, பால் குடுக்கிறல்லயா?" சிரித்துச் சிரித்து ஒரு எடையை நான் பிழையாக எழுதி, வெட்டி, திரும்ப எழுதினேன். அந்த வெட்டு கொப்பியில் அப்படியே இருக்கிறது.

பதினான்காம் நாள் நீலப் பக்கம் முந்தியது. சராசரிக்கு முப்பது கிராம். அதைக் கூட்டிப் பிரித்துப் பார்த்துவிட்டு நான் அங்கேயே, மரத்தூளின் பக்கத்தில், நெற்றியைத் தரையில் வைத்து, நன்றிக்கான ஷுக்ர் ஸுஜூது செய்தேன். எழும்பிப் பார்த்தால் உங்கள் முகத்தில் சிரிப்பில்லை. வலையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நீலப் பக்கத்துத் தட்டில் தூள் வாசனையோடு தீவனம் விழுந்ததும், வெள்ளைப் பக்கத்துக் குஞ்சுகள் தம் தட்டை விட்டுவிட்டு வலையோடு வந்து நெருக்கிக்கொண்டு நின்றன. கம்பிக்குள்ளால் அலகை நீட்டின.

"பாத்துக்கொண்டு நிக்குதுவள் புள்ள," என்றீர்கள். "ஒரே வீட்டுல ஒரு பக்கம் திண்ண, ஒரு பக்கம் பாத்துக்கொண்டு நிக்க, அது சரியில்ல."

"கோழிக்கு என்ன ராத்தா கண்ணூறு? ரெண்டு பக்கமும் வயிறு நெறையத்தானே திங்குது. தூள் மட்டுந்தானே இல்ல."

"அதுவளுக்கு அது தெரியுமா?"

"நமக்குத் தெரியும்தானே. முப்பத்தஞ்சு நாள் பொறுங்க. பொறகு எல்லாத்துக்கும் போடலாம்."

"பொறகு அதுவள் எங்க ஈக்கப் போகுது?" என்றீர்கள். நான் கொப்பியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நீங்கள் மறுபேச்சுப் பேசாத போதெல்லாம் சம்மதித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வது என் பிழை. அந்தப் பிழையை என் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். மற்றதெல்லாம் உங்கள் பக்கத்தில்.

இருபத்தோராம் நாள் வெள்ளைப் பக்கம் எட்டிப் பிடித்தது. முப்பது கிராம் வித்தியாசம் எங்கே போனது என்று தெரியவில்லை. தராசைப் பிழை சொல்லி, அரைக் கிலோ பருப்புப் பக்கட்டை மாட்டிப் பார்த்தேன். தராசு சரி. கொப்பியில் அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: "வெள்ளை கூடியிருக்கிறது. ஏன்?" எழுதிவிட்டு உங்களிடம் நேராகக் கேட்டேன். இதை நீங்கள் மறுக்க முடியாது.

"ராத்தா, மாறிக்கீறி வெள்ளப் பக்கம் தூள் விழுந்ததா?"

நீங்கள் தண்ணீர்ச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். திரும்பாமலே சொன்னீர்கள்: "அல்லாஹ் குடுக்கிறது புள்ள."

பொய் இல்லை. உங்கள் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டதே இல்லை. அதனால்தான் நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அல்லாஹ்வின் பெயருக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்வார் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. அந்த நிமிடம் நீங்கள் ஆமென்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் கத்தியிருப்பேன். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு புதுக் குஞ்சு எடுத்து, தீவனம் போடும் வேலை முழுவதையும் நானே எடுத்துக்கொண்டு, திரும்பத் தொடங்கியிருப்பேன். அவ்வளவுதான். இரண்டு நாள் கோபத்துக்குப் பயந்து என்னிடமிருந்து மூன்று வருடத்தை எடுத்துக்கொண்டீர்கள்.

முப்பத்தைந்தாம் நாள் டொக்டர் மிஸ் தானே தராசு கொண்டு வந்தார். அவர் இருந்தார், நான் இருந்தேன், என் கணவர் தன் கடையைப் பூட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார், நீங்கள் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். நிறுத்து, கூட்டி, பிரித்துப் பார்த்தால் பத்துக் கிராம் வித்தியாசம். அதுவும் வெள்ளைப் பக்கம்தான் கூட. மிஸ் இரண்டாம் முறையும் கூட்டிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நோனா, கோழியெல்லாம் நல்லா இருக்கு. நீங்க நல்லா வளக்கிறீங்க. ஆனா தூளால எண்டு நான் எப்படிச் சொல்றது? ரெண்டு பக்கமும் ஒண்டுதானே. வகுப்புல இத வைக்க ஏலாது."

"தூள் போடாத முறை எட இதவிடக் கொறவாத்தான் மிஸ் இருந்திச்சு."

"அது வேற முறை நோனா. நான் அன்டைக்கே சொன்னேனே."

என் கணவருக்கு அடக்க முடியவில்லை. "சரி சரி, நட்டமில்ல. கறித்தூளையும் சேத்தே வளத்தீக்கி. ஆக்கிற நேரம் உப்பு மட்டும் போட்டாச் சரி." மிஸ் சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பகிடி பிறகு கடையிலும் லேனிலும் கல்யாண வீட்டிலும் சுற்றியது. "கறித்தூள் டொக்டர்" என்று எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயர் சொல்லி யாராவது என்னைக் கூப்பிட்டால் நீங்கள் சீறி விழுவீர்கள். "அவட படிப்பு ஒங்களுக்கு ஈக்கா?" என்று என் பக்கம் நின்று சண்டை பிடித்தீர்கள். என்ன மனது ராத்தா உங்களுக்கு! அந்தப் பெயரை எனக்கு வாங்கித் தந்தவரும் நீங்கள், அதற்காகச் சண்டை பிடித்தவரும் நீங்கள்.

மிஸ் போன பிறகு மிச்சமிருந்த தூளை எல்லாம் உங்கள் வாழை மரத்தடியில் கொட்டினேன். பார்த்துக்கொண்டு நின்றீர்கள். உதடு அசைந்தது. ஓதுகிறீர்கள் என்று நினைத்தேன். ஒருவேளை சொல்ல வந்தீர்களோ என்று இன்றைக்குத் தோன்றுகிறது. மறுநாள் எனக்கு ஆறுதலாக வட்டிலப்பம் செய்து அனுப்பினீர்கள். என் வீட்டில் நான்கு பேர். நான்கு துண்டு, அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. நான் கொப்பியில் அந்தப் பக்கத்துக்குக் கீழே "பயனில்லை" என்று எழுதி, அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டேன். அடுத்த தொகுதிக்கு என் கணவர் கடைத் தூளை வாங்கிவந்தார். வேண்டாமென்று நான் என்ன வாயோடு சொல்வது? அதைத் தண்ணீரில் கலக்கும்போதெல்லாம், இதை யாருடைய பிள்ளை தின்னப் போகிறதோ என்று மனதுக்குள் ஒரு முள் குத்தும். மூன்று வருடம் குத்தியது. அந்தத் தண்ணீரை நீங்களும்தானே ஊற்றினீர்கள். உங்களுக்குக் குத்தவில்லையா?

உங்கள் கையைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. கல்யாண வீட்டில் பெண்கள் பகுதியில் சஹன் வைத்தால், ஆறு பேர் சுற்றி உட்காரும் அந்தத் தட்டில் கோழியைப் பங்கு வைக்க உங்களைத்தான் தேடுவார்கள். ஒரு கோழியை ஆறாகப் பிரித்தால் யாருக்காவது கழுத்துத்தானே விழும். நீங்கள் பிரித்தால் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். கடைசியில் தேடிப் பார்த்தால் கழுத்து உங்கள் முன்னால் இருக்கும். "பங்கு வைக்கிறவ கடைசியில எடுக்கோணும்" என்பீர்கள். நான் அதைப் பெருமையாக நினைத்து, என் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

அந்தக் கைதான் வலைக்கு அந்தப் பக்கத்துக்கும் ஒரு கரண்டி போட்டது. அப்படித்தான் போடும். வேறு மாதிரிப் போட அதற்குத் தெரியாது. அது எனக்கு விளங்காமல் இல்லை. இந்த வேலைக்கு உங்கள் கையைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்பதும் விளங்குகிறது. ஆனால் ராத்தா, ஐம்பது கோழிக்கு அநியாயம் நடக்கக்கூடாது என்று பார்த்தீர்களே, அந்தச் சஹனில் நானும் ஒருத்தி உட்கார்ந்திருக்கவில்லையா? அன்றைக்கு உங்கள் கழுத்துத் துண்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டீர்கள். நான் அதை என் பங்கு என்று நினைத்து மூன்று வருடமாகக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுதான் எனக்கு மிகவும் கசக்கிறது.

உங்கள் ஜனாஸாவை எடுக்கும் முன்னால், முன்னறையில் ஆண்களிடம் உங்கள் மருமகன் உங்களுக்காக மன்னிப்புக் கேட்டது பெண்கள் பக்கத்துக்கும் கேட்டது. பிறகு ஃபஸீனா எங்களிடம் வந்து அழுதுகொண்டே கேட்டாள்: "எங்கட உம்மா யாருக்காவது தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க." எல்லாரும் "பொறுத்தோம்" என்று முனகினார்கள். என் சத்தம்தான் பெரிதாக இருந்தது. "பொறுத்தேன், என் ராத்தாவில பொறுக்க ஒண்டுமே இல்ல" என்று சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதவள் நான். தீவன மூட்டையின் சீட்டைக்கூட இரண்டு முறை வாசிப்பேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வெறும் தாளில் கையெழுத்துப் போட்டேன். அது உங்களுக்கு. நாற்பத்து மூன்று நாள் கழித்து அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று தெரிகிறது. மையித்தின் முன்னால் கொடுத்த வார்த்தையைத் திரும்ப எடுக்க எனக்கு உரிமை இல்லை. எடுக்கவும் மாட்டேன். ஆனால் அன்றைக்குச் சொன்னது வாய்தான். பொறுக்கிற வேலை இன்றைக்குத்தான் தொடங்குகிறது. அஸரிலிருந்து இதுவரைக்கும் இரண்டு முறை முயன்று பார்த்தேன். வரவில்லை. நாளைக்கும் முயல்வேன்.

மஃரிப் தொழுதுவிட்டுக் கொப்பியைத் தேடி எடுத்தேன். மூன்று வருடமாகப் புரட்டாமல் தாண்டிப் போன பக்கங்கள். இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். பதினான்காம் நாளும் இருபத்தோராம் நாளும் பக்கத்துப் பக்கத்துத் தாள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் நீங்கள் உங்கள் மஞ்சளைப் பிடுங்கி, காயவைத்து, இடித்து, வெள்ளைப் பக்கத்துத் தட்டில் போட்டிருக்கிறீர்கள். பதினைந்தாம் நாளே போட்டிருந்தால் அது ஒரு கதை. பத்தொன்பதாம் நாள் போட்டு இரண்டே நாளில் எட்டிப் பிடித்திருந்தால், அது தூளின் வேலையாக இருக்காது, வேறு கதை. ஒரு கரண்டிக்கு இரண்டாகப் போட்டிருந்தால் அது மூன்றாவது. கறிவேப்பிலையை ஏன் சேர்த்தீர்கள்? கருஞ்சீரகம் போதாமலா, அல்லது அதற்கும் ஒரு காரணம் இருந்ததா? கடைசியில் அந்தப் பத்துக் கிராம் கூட வந்ததே வெள்ளைப் பக்கம், அது உங்கள் கறிவேப்பிலையா? அப்படியென்றால் என்னுடையதைவிட உங்கள் தூள் நல்லது. அதைச் சொல்லியிருந்தால்கூட நான் சந்தோஷப்பட்டிருப்பேன். கொஞ்சம் பொறாமையோடு, ஆனாலும் சந்தோஷம்தான்.

ஃபஸீனாவிடம் கேட்டேன். அவள் வந்தது கடைசி வாரத்தில். அதற்கு முன்னால் எப்போது தொடங்கினீர்கள் என்று அவளுக்குத் தெரியாது. "உம்மா ஒரு நாள் செல்லுவாங்க எண்டுதான் சாச்சி நான் நெனச்சேன். ஒங்கள நெனச்சு ரெண்டு மூணு முறை அழுதீக்கிறாங்க" என்றாள். அழுதீர்களாம். என்னிடம் வந்து அழுதிருக்கலாம். என் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் இருபத்திரண்டு படி. எண்ணியிருக்கிறேன்.

கோடு போட்ட இடத்தில் "பயனில்லை" என்று எழுதியதை வெட்டினேன். அதற்குப் பதிலாக எதை எழுதுவது என்று தெரியவில்லை. "பயனுண்டு" என்று எழுத எனக்குச் சாட்சி இல்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

என் கணவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, என்னைப் பார்க்காமல், "திங்கக்கெழம குஞ்சு வருது. வலையத் திரும்பக் கட்டவா?" என்று கேட்டார். அவரிடமிருந்து இதற்கு மேல் மன்னிப்பு வராது. இதுவே பெரிது. "கட்டுங்க" என்றேன். ஃபஸீனா கூட்டின் சாவியை என்னிடம்தான் தந்துவிட்டுப் போகிறாள். நீலத் துணி அலுமாரியில் இருக்கிறது. வெள்ளைத் துணி ஒன்று கிழிக்க வேண்டும்.

இந்த முறை இரண்டு பக்கத்துக்கும் நானே போடுவேன். காலை, பகல், மாலை. முழங்கால் வலித்தாலும் இருபத்திரண்டு படியையும் நானே ஏறி இறங்குவேன். யாரிடமும் கரண்டியைக் கொடுக்கப்போவதில்லை. அப்படித்தான் உறுதியாக நினைத்திருந்தேன், இந்தக் கடிதத்தில் அந்த இடத்தை எழுதும் வரைக்கும். "பாத்துக்கொண்டு நிக்குதுவள் புள்ள" என்று எழுதியதும் பேனை நின்றுவிட்டது. இனி அவை என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கம்பிக்குள்ளால் அலகை நீட்டும். என் பக்கத்தில் நீங்கள் இல்லாத குறைக்கு உங்கள் சத்தம் நிற்கும். முப்பத்தைந்து நாள் என் கை தாங்குமா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பேணியும் இந்தப் பயமும்தான்.

மறுமையில் எல்லா ஏடும் திறக்கும். வாயில்லாச் சீவனுக்கும் அன்றைக்கு வாய் வரும் என்று கேட்டிருக்கிறேன். அந்த ஐம்பது கோழியும் எழும்பி உங்களுக்காகச் சாட்சி சொல்லும். சொல்லட்டும், நானும் ஆமீன் சொல்லுவேன். ஆனால் எனக்கு அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. மறுமைக்கு முன்னால் திங்கட்கிழமை வருகிறது. நீங்கள் கனவில் வந்து பகிடி சொல்ல வேண்டாம், ஓத வேண்டாம், அழவும் வேண்டாம். நான் கேட்பது இரண்டுதான்.

எந்த நாளிலிருந்து போட்டீர்கள்? கிலோவுக்கு எத்தனை கரண்டி?

சீக்கிரம் பதில் சொல்லுங்கள் ராத்தா.